படத்தை யார் பார்த்தாங்கன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க: ஸ்கேன் சென்டர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுல எக்ஸ்ரே சென்டர், ஸ்கேன் சென்டர் நடத்துற முதலாளிகளுக்கும், வெளியூர்ல உக்காந்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிற டெலிரிப்போர்ட்டிங் கம்பெனிகளுக்கும், அந்த ரிப்போர்ட்ல தன் பேரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் போடுற ரேடியாலஜிஸ்ட், அதாவது இந்தப் படங்களைப் படிச்சு சொல்ற டாக்டர்களுக்கும்,

போன மாசம் எங்க சென்டர் ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. இனிமே நெஞ்சு எக்ஸ்ரே எல்லாத்தையும் முதல்ல ஏஐ படிக்கும், அது நார்மல்னு சொன்னா டாக்டரோட டிஜிட்டல் கையெழுத்தோட ரிப்போர்ட் தானா வெளிய போயிடும், ஏதோ இருக்குன்னு அது சொல்றதை மட்டும் டாக்டர் திறந்து பார்ப்பாரு, பேஷண்ட் கேட்டா "டாக்டர் பார்த்துட்டாரு"ன்னு சொல்லிடுங்க. அந்தக் கடைசி வரியைத்தான் என்னால ஏத்துக்க முடியல. இதுக்கு முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துலயும் இதுதான் நடந்துச்சு, ஆனா அங்க சத்தமில்லாம நடந்தது, இங்க மெசேஜ் போட்டே நடக்குது. மத்த ஊர்ல இருக்கிற டெக்னீஷியன்கள்கிட்ட பேசினப்போ அங்கேயும் ஆரம்பிச்சாச்சுன்னு சொல்றாங்க, அதனாலதான் ஒரு முதலாளிக்கு மட்டும் எழுதாம உங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். இருட்டு ரூம்ல டெவலப்பர், ஃபிக்ஸர் வச்சு ஃபிலிம் கழுவின காலத்துல இந்த வேலைக்கு வந்தவ, அப்புறம் ஃபிலிமுக்கு பதிலா மெஷின்ல போட்டுப் படிக்கிற சிஆர் கேசட் வந்துச்சு, இப்ப படத்தை நேரா கம்ப்யூட்டருக்கு அனுப்புற டிஆர் பேனல், படம் ரெண்டு செகண்ட்ல மானிட்டர்ல நிக்குது. ஒவ்வொரு மாத்தமும் வரும்போது சந்தோஷமாத்தான் கத்துக்கிட்டேன். அதனால "மெஷினைப் பார்த்தா உங்களுக்கு பயம், வேலை போயிடும்னு பேசுறீங்க"ன்னு யாரும் இதை ஒதுக்கிட வேணாம். படம் எடுக்க ஆள் வேணும், என் வேலை எங்கயும் போகல. ஏஐ வேணாம்னு சொல்லவும் நான் வரல. ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டியில அடிபட்டு வர்ற பையனோட தலை சிடியில ரத்தக்கசிவு இருக்கலாம்னு சாஃப்ட்வேர் சிவப்பா காட்டி அந்தக் கேஸை லிஸ்ட்ல மேல தள்ளுறப்போ, தூங்கிட்டு இருக்கிற டாக்டருக்கு நான் தைரியமா போன் போடுறேன், அந்த அரை மணி நேரம் ஒரு உயிர். காசநோய்க்கும் அப்படித்தான், 2019ல இருந்து 2021 வரைக்கும் நாடு முழுக்க எடுத்த டிபி சர்வேயில, எக்ஸ்ரே மட்டும் எடுக்காம விட்டிருந்தா 42.6 சதவீத கேஸ்கள் கண்ணுக்கே தெரியாம போயிருக்கும்னு வந்துச்சு. இருமல், காய்ச்சல்னு கேள்வி கேட்டு மட்டும் பிடிக்க முடியாத நோயாளிங்க அவங்க. அவ்வளவு படத்தையும் படிக்க ரேடியாலஜிஸ்ட்டுக்கு எங்க போறது, கையில தூக்கிட்டுப் போற எக்ஸ்ரேவும் ஏஐயும் மலை கிராமத்துக்குப் போகட்டும், நல்லா போகட்டும்.

ஆனா உங்க மார்க்கெட்டிங் ஆளுங்க "உலக சுகாதார நிறுவனமே ஓகே சொல்லிடுச்சு"ன்னு சொல்றாங்க பாருங்க, அதை முழுசா படிச்சிட்டு சொல்லுங்க. 2021 மார்ச்ல அவங்க சொன்னது, 15 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்களுக்கு, டிபி இருக்குமான்னு சலிச்சு எடுக்கிற வேலையில, மனுஷனுக்கு பதிலா சாஃப்ட்வேர் படிக்கலாம்ங்கறது. அதுவும் நிபந்தனையோட கூடிய சிபாரிசு. மெஷின் சந்தேகப்பட்டா அடுத்து சளி டெஸ்ட் இருக்கு, அங்க உறுதியாகும். நாம பண்றது அதுவா? மூச்சுத்திணறல்னு வர்ற பாட்டிக்கும், ஆபரேஷனுக்கு முன்னாடி ஃபிட்னஸ் கேட்டு வர்றவருக்கும், நாலு வயசுக் குழந்தைக்கும் ஒரே சாஃப்ட்வேர்ல படத்தைப் போட்டு, வர்ற வரியை அப்படியே ரிப்போர்ட்டா பிரிண்ட் எடுக்கிறோம். நாங்க வாங்கியிருக்கிற சாஃப்ட்வேரோட மேனுவல்லயே பெரியவங்களுக்கு மட்டும்னு இருக்கு, நான் எடுத்துக் காட்டினேன், "அதெல்லாம் சும்மா சட்டத்துக்காகப் போடுறதும்மா"ன்னு பதில் வந்துச்சு.

நான் பார்த்ததைச் சொல்றேன்.

ஒரு பொண்ணு, மில்லுல வேலைக்குச் சேர மெடிக்கலுக்காக வேற ஒரு சென்டர்ல நெஞ்சு படம் எடுத்திருக்கா. ஏஐ படிச்சுக் கொடுத்த ரிப்போர்ட்ல வலது நுரையீரல் மேல்பகுதியில நிழல், டிபியா இருக்கலாம்னு வந்திருக்கு. மில்லுல சேத்துக்கல. அம்மாவும் பொண்ணும் அழுதுக்கிட்டே எங்ககிட்ட வந்தாங்க. ஃபிலிமை வியூ பாக்ஸ்ல மாட்டின உடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, அந்த நிழல் கழுத்துக்கும் மேல வரைக்கும் போகுது, ஓரத்துல மெல்லிசா கோடு கோடா பின்னல் தெரியுது. எண்ணெய் தேச்சு இறுக்கிப் பின்னின தடிச்ச சடை தோள் வழியா முன்னாடி விழுந்திருக்கு, படம் எடுத்தவங்க தூக்கிக் கட்டச் சொல்லல. நுரையீரலோட உச்சி மேல சடை விழுந்தா டிபி மாதிரியே தெரியும்னு எங்களுக்கு முதல் வருஷப் படிப்புலயே சொல்லிக் கொடுப்பாங்க. கொண்டை போடச் சொல்லி, தோளை முன்னாடி தள்ளி, "மூச்சை நல்லா இழுத்து அடக்கும்மா"ன்னு சொல்லி திருப்பி எடுத்தேன், சுத்தமா இருந்துச்சு. இதுல மெஷின் மேல எனக்குக் கோபம் இல்ல, அதுகிட்ட படம் மட்டும்தான் இருக்கு, பொண்ணு இல்ல. ஒரு டாக்டர் அந்தப் படத்தை பத்து செகண்ட் பார்த்திருந்தா திருப்பி எடுங்கன்னு சொல்லியிருப்பாரு. அந்த ரிப்போர்ட்ல கீழ ஒரு டாக்டர் கையெழுத்து இருந்துச்சு.

இன்னொருத்தர் கல்குவாரியில வேலை பார்த்தவர், வயசானவர். அவருக்கு ரொம்ப வருஷம் முன்னாடி டிபி வந்து முழு கோர்ஸ் மாத்திரை சாப்பிட்டு குணமானவர். குணமானாலும் நுரையீரல்ல தழும்பு நிக்கும், எந்த எக்ஸ்ரே எடுத்தாலும் அது இருக்கும். ஏஐ அதை திரும்பவும் டிபின்னு சொல்லிடுச்சு, வீட்டுல அவர் தட்டு டம்ளரைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க. சளி டெஸ்ட் ஒண்ணும் இல்லன்னு வர்ற வரைக்கும் அவர் திண்ணையிலதான் படுத்தாரு. அவர் கையில மஞ்சப் பையில பழைய ஃபிலிம் இருந்துச்சு! நம்ம ஊர்ல வயசானவங்க பழைய படத்தை பத்திரத்தோட சேத்து பீரோவுல வச்சிருப்பாங்க. நல்ல ரேடியாலஜிஸ்ட் முதல்ல கேக்கிற கேள்வியே "பழைய படம் இருக்கா"ங்கறதுதான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டி வச்சுப் பார்த்தா அன்னைக்கும் இன்னைக்கும் ஒரே தழும்புன்னு முடிஞ்சு போயிருக்கும். நம்ம சிஸ்டம்ல பழைய படத்தை ஏத்துறதுக்கு இடமே வைக்கல. இது ஏதோ எங்க ஊர் கதைன்னு நினைக்காதீங்க, வங்கதேசத்துல டாக்காவுல 23,954 பேரோட படத்தை வச்சு 5 கம்பெனி ஏஐயை சோதிச்சு 2021ல வெளியிட்டாங்க, டிபியைக் கண்டுபிடிக்கிறதுல அங்கிருந்த ரேடியாலஜிஸ்ட்களை விட அந்த அஞ்சும் நல்லாவே செஞ்சுது, அதை மறைக்க மாட்டேன், ஆனா வயசானவங்ககிட்டயும் ஏற்கனவே டிபி வந்தவங்ககிட்டயும் அதே அஞ்சும் தடுமாறிச்சு. நம்ம சென்டருக்கு அதிகமா வர்றதே அவங்கதானே.

மூணாவது கேஸை எழுதறதுக்குத்தான் எனக்குக் கை வரல. நான் முன்னாடி வேலை பார்த்த இடம். ஒரு அம்மா, ரொம்ப நாளா வறட்டு இருமல், நான்தான் படம் எடுத்தேன். ரிப்போர்ட் குறிப்பிடும்படியா ஒண்ணும் இல்லன்னு போச்சு. மாசங்கள் கழிச்சு பெரிய ஊர்ல சிடி எடுத்தப்போ இதயத்துக்குப் பின்னாடி கட்டி. அந்த இடம் நெஞ்சு எக்ஸ்ரேயில மறைவான இடம்தான், காரை எலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்குப் பின்னாடி, உதரவிதானத்துக்குக் கீழ, இதெல்லாம் மனுஷக் கண்ணுக்கும் தப்பும். டாக்டர் பார்த்திருந்தாலும் தவறியிருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. அந்த அம்மாவோட பையன் வந்து என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அக்கா, அன்னைக்கு டாக்டர் இதைப் பார்த்தாரா, அதை மட்டும் சொல்லுங்க." படங்களைச் சேமிச்சு வைக்கிற கம்ப்யூட்டர் சிஸ்டம் பேக்ஸ், அதுல ஒவ்வொரு படத்துக்கும் ஹிஸ்டரி இருக்கும், யார் திறந்தாங்க, எத்தனை மணிக்குத் திறந்தாங்கன்னு. திறந்து பார்த்தேன். என் லாகின்ல படம் ஏறியிருக்கு. அடுத்த வரி சாஃப்ட்வேர். அடுத்த வரி கையெழுத்து. மூணும் ஒரே நிமிஷத்துக்குள்ள. டாக்டர் லாகின்ல இருந்து அந்தப் படத்தை யாரும் திறக்கவே இல்ல. மேனேஜர்கிட்ட கொண்டு போனேன், "அதெல்லாம் பேஷண்ட்கிட்ட காட்டக் கூடாதும்மா, நம்ம உள் விஷயம்"ன்னாரு. அந்தப் பையன்கிட்ட நான் உண்மையைச் சொன்னேன். அந்த வேலையில அப்புறம் நான் நீடிக்கல.

பார்த்துட்டு தவறுறது ஒண்ணு, பார்க்காமலே பார்த்ததா எழுதிக் கொடுக்கிறது வேற ஒண்ணு. முதலாவதை எந்தக் குடும்பமும் காலப்போக்குல தாங்கிக்கும், ரெண்டாவது ஏமாத்து வேலை, அதுக்கு வேற பேர் இல்ல. டாக்டர் பார்க்கிறதுக்குன்னு அவங்ககிட்ட காசு வாங்கியிருக்கோம், ஏஐ வந்த பிறகு கட்டணத்துல ஒரு ரூபா குறைக்கல.

என்கிட்ட ஒரு முதலாளி சொன்னாரு, "நோபல் பரிசு வாங்கினவரே ரேடியாலஜிஸ்ட் வேணாம்னு சொல்லிட்டாரும்மா"ன்னு. ஏஐ ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹின்டன் சொன்னதுதான், 2016ல, இனி ரேடியாலஜிஸ்ட்டுக்கு ட்ரெயினிங் கொடுக்கறதையே நிறுத்திடலாம், அஞ்சு வருஷத்துல மெஷின் மிஞ்சிடும்னு. அந்த அஞ்சு வருஷம் முடிஞ்சு போயாச்சு, ரேடியாலஜி சீட்டுக்கு இன்னும் அடிதடிதான், அவரும் பிறகு தான் ரொம்பப் பொதுப்படையா பேசிட்டதா சொல்லிட்டாரு. அவரை விடுங்க, ஸ்வீடன்ல நடந்ததைப் பாருங்க. 80,000 பெண்களுக்கு மேல சேத்து மார்பகப் புற்றுநோய் ஸ்க்ரீனிங்ல ஏஐயை வச்சு சோதனை பண்ணினாங்க, 2023ல முதல் ரிசல்ட் வந்துச்சு, டாக்டர்கள் படம் படிக்கிற வேலை 44 சதவீதம் குறைஞ்சுது, கண்டுபிடிச்ச கேன்சர் குறையல. அருமையான விஷயம். ஆனா அங்க ஒவ்வொரு படத்தையும் வழக்கமா ரெண்டு ரேடியாலஜிஸ்ட் படிப்பாங்க, ஏஐ ரிஸ்க் கம்மின்னு சொன்னதுக்கு அதை ஒருத்தரா குறைச்சாங்க. ரெண்டை ஒண்ணாக்கினாங்க. நீங்க ஒண்ணை பூஜ்ஜியமாக்கிட்டு அதே ஆராய்ச்சியை பேனர்ல போடுறீங்க. டாக்டரே இல்லாம நார்மல் எக்ஸ்ரேவை ரிப்போர்ட் பண்ண ஐரோப்பாவுல 2022ல ஒரு லித்துவேனியா கம்பெனிக்கு அனுமதி கிடைச்சிருக்கு, அதையும் தெரிஞ்சுதான் பேசுறேன். அவங்க ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரியோட பழைய படங்களை வச்சே சரிபார்த்து, அப்புறம் டாக்டர் மேற்பார்வையில ஓட்டி, அதுக்கப்புறம்தான் தனியா விடுறாங்க. நம்ம சென்டர்ல எந்தப் பழைய படத்தை வச்சு யார் சோதிச்சாங்க? சேல்ஸ் ஆள் லேப்டாப்ல நாலு படம் காட்டினதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த சோதனை ஏன் அவசியம்னா இந்த சாஃப்ட்வேர்கள் நோயைப் பார்க்காம வேற எதையாவது பார்த்து பதில் சொல்லும். அமெரிக்காவுல 2018ல நிமோனியா கண்டுபிடிக்கிற ஏஐயை சோதிச்சப்போ, படம் எந்த ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுன்னு அது கிட்டத்தட்ட தப்பே இல்லாம கண்டுபிடிச்சுது, நோயாளி அதிகமா வர்ற ஆஸ்பத்திரி எதுன்னு தெரிஞ்சா பதிலும் பாதி தெரிஞ்ச மாதிரிதானே. டெக்னீஷியன் வைக்கிற ஈயத்துல செஞ்ச இடது வலது மார்க்கர் கூட அதுக்கு துப்பா போச்சு. கோவிட் நேரத்துல வந்த ஏஐ ஆராய்ச்சிகள் 2,212ஐ எடுத்து சலிச்சு, அதுல தேறின 62ஐ ஆழமா படிச்சு, ஒண்ணு கூட நோயாளிக்குப் பயன்படுத்துற தகுதியில இல்லன்னு 2021ல எழுதினாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு போர்ட்டபிள் மெஷின்ல முன்னாடி இருந்து படம் எடுத்தா இதயம் நிஜத்தை விடப் பெருசாத் தெரியும், எங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எங்க சாஃப்ட்வேர் அதுக்கெல்லாம் "இதயம் வீங்கியிருக்கு"ன்னு வரிசையா எழுதித் தள்ளுது.

டாக்டர்களே, உங்ககிட்டயும் ஒண்ணு. மெஷின் சொன்னதை நாங்க ஒரு பார்வை பார்த்து தட்டிடுவோம்னு சிலர் சொல்றீங்க. 2023ல ஜெர்மனியில 27 ரேடியாலஜிஸ்ட்கள்கிட்ட மார்பகப் படங்களைக் கொடுத்து, ஏஐ சொல்றதா வேணும்னே சில இடத்துல தப்பான பதிலைக் காட்டினாங்க. ஏஐ சரியா சொன்னப்போ நல்ல அனுபவசாலிகள் 82 சதவீதம் சரியா படிச்சாங்க, ஏஐ தப்பா சொன்னப்போ அதே ஆளுங்க 45.5 சதவீதத்துக்கு இறங்கிட்டாங்க. அனுபவம் கம்மியா இருந்தவங்க 20க்கும் கீழ. திறந்து பார்த்தவங்க நிலைமையே இது. திறக்காமலே கையெழுத்து போக விடறீங்களே, அந்த டிஜிட்டல் கையெழுத்தோட பாஸ்வேர்டை சென்டர் மேனேஜர்கிட்ட கொடுத்து வச்சிருக்கீங்களே, நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டுல கூண்டுல நிக்கப் போறது சாஃப்ட்வேர் இல்ல, நீங்கதான். காசு கொடுத்து வாங்குற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995லயே சொல்லியாச்சு. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு பதிவு பெற்ற பெத்தாலஜி டாக்டர் கையெழுத்து வேணும்னு 2017 டிசம்பர்ல சொன்னதும் அதே கோர்ட்தான், கையெழுத்துன்னா அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் பொறுப்பேத்துக்கணும்னுதானே அர்த்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023 மார்ச்ல ஏஐக்குன்னு வெளியிட்ட வழிகாட்டுதலும் மனுஷ மேற்பார்வை வேணும், நோயாளிக்குத் தெரியணும்னுதான் சொல்லுது.

இன்னொன்னு, எங்க டெக்னீஷியன்களைப் பத்தி. "நீயே ஏஐ சொன்னதை காப்பி பண்ணி டைப் பண்ணிடும்மா, டாக்டர் அப்புறம் பார்ப்பாரு"ன்னு சின்னப் பிள்ளைங்களை உக்கார வைக்கிறீங்க, டிப்ளமோ முடிச்சு வந்த 20 வயசுப் பொண்ணு அது, முடியாதுன்னு சொல்ல முடியுமா அதால. படம் சரியில்ல, திரும்ப எடுக்கணும்னு சொன்னா நேரம் வீண்னு திட்டு. பேஷண்ட்டோட படத்தை பேர், வயசு ஓரத்துல அப்படியே இருக்க ஏஐ கம்பெனிக்கு அனுப்பச் சொல்றதும் நடக்குது, அது யாரோட படம், அவங்ககிட்ட யார் கேட்டாங்க?

நான் கேக்கிறது இதுதான். முதல்ல, "டாக்டர் பார்த்துட்டாரு"ன்னு சொல்லச் சொல்ற அந்த மெசேஜையும் அது மாதிரி எந்த உத்தரவு இருந்தாலும் அதையும் வாபஸ் வாங்குங்க, எந்த டெக்னீஷியனையும் பேஷண்ட்கிட்ட பொய் சொல்ல வைக்காதீங்க. ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் கையெழுத்துக்கு மேல, தமிழ்ல, படிக்கிற அளவு எழுத்துல, இந்தப் படத்தை எந்த சாஃப்ட்வேர் படிச்சுது, எந்த டாக்டர் எத்தனை மணிக்குத் திறந்து பார்த்தாருன்னு போடுங்க, யாரும் பார்க்கலன்னா "மருத்துவர் பார்க்கவில்லை"ன்னு போடுங்க, அதுக்கு ஏத்த மாதிரி காசையும் குறைங்க. படத்தைத் திறக்காம கையெழுத்து விழாத மாதிரி சிஸ்டத்துல பூட்டு போடுங்க, இது சாஃப்ட்வேர்காரங்களுக்கு ஒரு நாள் வேலை. டாக்டர்கள் பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க, யார்கிட்டயும் கொடுக்காதீங்க.

குழந்தைங்க படத்தையும், மேனுவல்ல இல்லாத எந்த வகைப் படத்தையும் ஏஐக்குப் போடாதீங்க. பழைய படத்தையும், டிபி வந்திருக்கா, என்ன வேலை பார்த்தாங்கங்கற விவரத்தையும் ஏத்துறதுக்கு இடம் வைங்க. பதில் ஏற்கனவே உறுதியா தெரிஞ்ச நம்ம சென்டர் பழைய படங்களை வச்சு சாஃப்ட்வேரை ஒரு தடவை சோதிச்சு, எத்தனை தப்பு விட்டுச்சுன்னு ஸ்டாஃபுக்கும் பேஷண்ட்டை அனுப்புற டாக்டர்களுக்கும் எழுத்துல கொடுங்க, மாசாமாசம் அது நார்மல்னு சொன்னதுல ஒரு பகுதியை ரேடியாலஜிஸ்ட் திரும்பப் படிக்கட்டும். பேஷண்ட் கையெழுத்து போட்டு சம்மதிக்காம அவங்க படம் வெளிய போகக் கூடாது. தன் படத்தோட பேக்ஸ் ஹிஸ்டரியை ஒரு பேஷண்ட் கேட்டா, மேனேஜர் அனுமதிக்குக் காத்திருக்காம கவுண்டர்லயே பிரிண்ட் எடுத்துக் கொடுங்க. இதுல எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன்னு உங்க சென்டர் நோட்டீஸ் போர்டுல இந்த மாசக் கடைசிக்குள்ள ஒட்டுங்க, கீழ உங்க பேரும் கையெழுத்தும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன்